அட்டைக்குப் போன கவிதை

அரசவைக் கவிஞர் பதவியின் வரலாற்றைப் புத்தகமாக்கும் வேலையைத் தட்டச்சுக்காரியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது கவிஞர் பக்கவாதத்தில் கையும் பேச்சும் போய் ஒரு வருஷம் படுத்தே கிடந்து காலமானவர். ஆனாலும் அந்த வருஷமும் அவர் பெயரில் மாதம் தவறாமல் கவிதை வந்தது. எப்படியென்று அலுவலகத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அதில் ஒன்றைத்தான் அதிகாரி அட்டைக்கு எடுத்தார். "படுக்கையில கிடந்தும் மனுஷன் பின்னியிருக்காரும்மா!"

அச்சுப்படியில் கையெழுத்து வாங்க அவள் கவிஞரின் மனைவியிடம் போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்த அந்த அம்மாள், மூன்றாவது வரியை அடித்துவிட்டு மேலே வேறு வரி எழுதினார்.

"ஐயா எழுதினதை மாத்தலாமாம்மா?"

"அவருக்கு மருந்து ஊட்டிக்கிட்டே அவசரத்துல எழுதினது. அன்னைக்கே எனக்கு இந்த வரி உறுத்துச்சு."