பன்னிரண்டு மதிப்பெண்

அறுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். இருபதுக்கு மூன்று வாங்கினார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்றுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய சண்டை நடந்ததில்லை.

பக்கவாதம் வந்து கை கால் விழுந்துபோனவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. சும்மா கொடுத்துவிடுமா? நல உதவி அலுவலகத்திலிருந்து டாக்டரம்மா வீட்டுக்கு வந்து பத்துக் கேள்வி கேட்பார். தனியாக முடியும் என்றால் பூஜ்யம். ஆள் துணை இருந்தால் முடியும் என்றால் ஒன்று. முடியவே முடியாது என்றால் இரண்டு. பன்னிரண்டு வந்தால்தான் பணம்.

"சட்டை பட்டன் போட முடியுமா?"

"முடியும்." அன்று காலை அந்தப் பட்டனைப் போட்டுவிட்டவள் நான்.

"தனியா குளிக்க முடியுமா?"

"தாராளமா."

"சிறுநீரை அடக்க முடியுமா?"

"என்னம்மா கேள்வி இது? முடியும்."

நான் பொறுக்க மாட்டாமல் குறுக்கே விழுந்தேன். "டாக்டர், அரை மணி நேரம்கூட தாங்காது. நான்தான் ராத்திரி பகலா..." டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அவர் வாயால சொல்றதைத்தான் நான் எழுதணும்மா. இல்லேன்னா என் கண்ணால பார்க்கணும். விதி அப்படி." மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்டதற்கு, "லிஃப்ட் இருக்கும்போது படியில எதுக்கு ஏறணும்?" என்றார் அப்பா. வாங்கிய மூன்றில் இரண்டு அதற்குத்தான்.

அப்பா முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டாலும் போவார், முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவருக்குத் தலைகொள்ளாத கர்வம். தன் கையே தனக்கு உதவி என்பதுதான் அவருடைய வேதம். அதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்கு வலது கை விழுந்திருக்காது, அதனால் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"அரசாங்கத்துக்கிட்ட கையேந்தச் சொல்றியா?" என்று அன்று கத்தினார்.

"கையேந்துறதுக்கும் ஒரு கை வேணும்பா" என்று நானும் கத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது மூன்று மதிப்பெண் மூன்றாகவே இருந்தது.

எனக்கு நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரி துணிகளைத் துவைத்து இஸ்திரி போடும் இடத்தில் பதினெட்டு வருட வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். ஒன்றாம் தேதிக்குள் வரவில்லை என்றால் வேறு ஆள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லை, எனக்குப் பதிலாக நிற்க அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. உதவித்தொகை வந்தால் நான் வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

ஒருநாள் அப்படிப் பூட்டிப் பார்த்தேன். மதியம் வந்து திறந்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். ஒன்பது மணிக்கு விழுந்தவர். "கீழ விழுந்த மாத்திரையைத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேல்முறையீடு எழுதிப் போட்டேன். மறுபரிசோதனைக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது.

"பட்டன் போட முடியுமா?"

"முடி..." என்று இழுப்பார். இருமல் வரும். தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டு, "பழகினா முடியும்" என்பார்.

"பொய்யா சொல்லச் சொல்றேன்? இருக்கிறதைச் சொல்லுங்கப்பா!"

"எனக்குத் தெரியும் பாப்பா. வாய் வர மாட்டேங்குது."

அலுவலகம் ஐந்தாவது மாடியில். சக்கர நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் அதே டாக்டரம்மா ஓடிவந்து ஏறினார். எங்களை அடையாளம் தெரிந்து லேசாகத் தலையாட்டினார். பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அப்பா, "இது மூஞ்சி பார்க்கிறதுக்கு வைக்கிறது இல்ல பாப்பா. நாற்காலியில வர்றவங்க திரும்பாமலே பின்னால பார்த்து வெளிய போறதுக்கு. எத்தனை மாட்டியிருப்பேன்" என்றார்.

மூன்றாவது மாடி தாண்டியதும் கரண்ட் போனது. ஒரு குலுக்கலோடு நின்றது. மூலையில் அவசர விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. டாக்டரம்மா பதறிப்போய்க் கதவிடுக்கில் விரலை விட்டு இழுத்தார்.

"கதவுல கை வைக்காதீங்க டாக்டர்" என்றார் அப்பா. பழைய குரல். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "பிரேக் பிடிச்சிருக்கு, விழாது. காத்தும் வரும். பாப்பா, மணி பட்டனை விடாம அமுக்கு. ஆள் பேசினா மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னு சொல்லு."

சொன்னேன். வந்துகொண்டே இருக்கிறோம் என்றது ஒலிபெருக்கிக் குரல். அப்பா டாக்டரம்மாவை உட்காரச் சொன்னார், மெதுவாக மூச்சு விடச் சொன்னார், லிஃப்டுக்குள் பிரசவம் ஆன கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே வயிற்றெரிச்சலும். இவ்வளவு ஜோராகப் பேசுகிற மனிதருக்கு இந்த அம்மா எப்படி மதிப்பெண் போடுவார்?

இருபது நிமிடம் ஆனது. அப்பாவின் பேச்சு குறைந்தது. இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்து காதில் கேட்டேன். "அப்பா, வருதா?"

"முடியும்" என்றார். "நீ பேசாம இரு."

முப்பது நிமிடம். அவருடைய நெற்றியில் வேர்வை. நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் தாங்கவேண்டுமே என்றுதான் மகளாகப்பட்டவள் நினைத்திருக்க வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் என் கண் டாக்டரம்மாவிடம் போனது. கைப்பேசி வெளிச்சத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கட்டும், இப்போது பார்க்கட்டும் என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது.

நாற்காலிக்குக் கீழே சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு கோடாக ஓடி, டாக்டரம்மாவின் செருப்புவரை போனது. அவர் நிமிர்ந்தார். பார்த்தார். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டார். அப்பா கண்களை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. என்னைப் பெற்றவர் நனைந்து உட்கார்ந்திருக்கிறார், நான் இரண்டு மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

கரண்ட் வந்தது. ஐந்தாவது மாடியில் அப்பாவைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் துடைத்து, கையோடு கொண்டுவந்திருந்த வேறு வேட்டி கட்டிவிட்டேன். அறைக்குள் டாக்டரம்மா கேள்வி கேட்காமலே படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

"கேட்டு எழுதுங்க டாக்டர்" என்றார் அப்பா.

கேட்டார். பட்டன்? முடியாது. குளிக்க? முடியாது. எழுந்து நிற்க? முடியாது. ஒரு வாரம் ஒத்திகையில் வராத வார்த்தை ஒவ்வொரு கேள்விக்கும் தடங்கலில்லாமல் வந்தது. பதினேழு மதிப்பெண். பொறுப்பாளர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வேறு எந்த வேலைக்கும் போக மாட்டேன், அவரைத் தனியாக விட மாட்டேன் என்று அதற்கு மேல் அச்சடித்திருந்தது. போட்டேன். பதினெட்டு வருடத்து இஸ்திரி மேசை அந்தக் கையெழுத்தோடு போயிற்று.

இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நீ டாக்டரையே பார்த்துக்கிட்டு இருந்த" என்றார் அப்பா.

"எப்பப்பா?"

"கண்ணாடியில தெரிஞ்சுது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னால இன்னும் பத்து நிமிஷம் அடக்கியிருக்க முடியும் பாப்பா. உன் மூஞ்சியைப் பார்த்தேன். இவளுக்கு இதுதான் வேணும்னா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னது நிஜமா, எப்போதும்போல் வீம்பா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை. கதவு திறந்ததும் நாற்காலியைப் பின்னோக்கி இழுத்து வெளியே கொண்டுவந்தேன். "அவங்க குடுத்த தாள்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. அதன் கீழே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு நேரில் வர வேண்டும் என்று இருந்தது.

"கிடைச்சிடுச்சுன்னு போட்டிருக்குப்பா."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன்.