ஆண்டாயி எந்தக் குழியில்?

பெண்கள் வருவது முச்சந்தி வரைக்கும்தான். அதற்கப்பால் இடுகாடு, ஆண்கள் சமாச்சாரம். தா.பழூரில் செல்போன் கடை வைத்திருக்கிற புவனேஸ்வரியும் பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா ஆண்டாயியை அந்த முச்சந்தியில்தான் வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். குழியை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

இப்போது வந்தது வினை. ஊர்க்காரர்கள் முப்பது வருடம் மனுப் போட்டு வாங்கிய அரை ஏக்கர் அந்த இடுகாடு. ஒருவழியாகச் சுற்றுச்சுவர் வருகிறது. எரிப்பவர்களுக்கு மேற்கே கொட்டகை, புதைப்பவர்களுக்குக் கிழக்கே இடம். பழைய குழிகளில் ஞாயிற்றுக்கிழமைக்குள் பேர்க்கல் நட்டால் தப்பும், இல்லாவிட்டால் ஜேசிபி நிரவிவிடும்.

“என்னச் சுட்டுடாதீங்கடி, வெயில்ல வெந்தது போதும்” என்று சொல்லிவிட்டுச் செத்தவள் ஆண்டாயி. அவளுக்குக் கல் இல்லாமல் போவதா? புவனேஸ்வரி கல்லை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே இடுகாட்டுக்கே போய்விட்டாள்.

தம்பி வீரமணி வழி மறித்தான். “பொம்பள நீ எதுக்குக்கா உள்ள வர்ற? குடு, நான் நட்டுக்கிறேன்.”

“நவுருடா! உள்ள படுத்திருக்கிறவ மட்டும் ஆம்பளையா?”

வீரமணி விலகி வழிவிட்டு, வருடா வருடம் பாலும் இட்லியும் வைத்துக் கும்பிடுகிற மேட்டைக் காட்டினான். ஊரில் எல்லாக் குழியும் வெட்டுகிற ராசாங்கம் கடப்பாரையோடு நின்று தலையைச் சொறிந்தார்.

“தம்பி, அது சாமிதுரையோட குழிங்க.”

“என்னது?”

“ரெண்டு பேரும் ஒரே வாரத்துல போனாங்க. ஐப்பசி மழையில மேடு கரைஞ்சிருச்சு. கருமாதிக்கு வந்தப்ப நீங்களும் அவரு மவன் ஜெயசீலனும் எடத்த மாத்திப் புடிச்சிக்கிட்டீங்க. ஆண்டாயி அக்கா அந்த நொச்சிக்குக் கீழ. வூட்டுக்குள்ள ஒக்கார வச்சி எனக்குச் சோறு போட்டவங்க. அதான் தலமாட்டுல ஒரு நொச்சிக்குச்சி நட்டேன்.”

“இத்தன வருசமா ஏன் மாமா சொல்லல?” என்றாள் புவனேஸ்வரி.

“குழி வெட்டுறவன யாரும்மா கேட்டா?”

அப்பாவுக்குக் கல் நட வந்திருந்த ஜெயசீலன் தலையில் கை வைத்தான். “அய்யய்யோ அக்கா! நொச்சிகிட்டதான் நான் வருசா வருசம் குவாட்டரும் பீடிக்கட்டும் வச்சேன்!”

சாராய வாடை அடித்தாலே விளக்குமாற்றைத் தூக்குகிறவள் ஆண்டாயி. சாமிதுரையோ பாலைக் கண்டாலே ஓடுகிறவர். முதலில் சிரித்தது புவனேஸ்வரிதான். வயிறு வலிக்கச் சிரித்து, நொச்சியடியில் உட்கார்ந்து, மண்ணில் கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. “வந்துட்டேன்மா” என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

கல்லை நட்டு நிமிர்ந்தபோது, சிரிப்புச் சத்தம் கேட்டு முச்சந்தியில் கூடியிருந்த பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். முதலில் வந்த வினோதினி ராசாங்கத்திடம் கேட்டாள்.

“அண்ணே, எங்கம்மா எங்க?”

“எம் புள்ள எங்க?” என்றாள் அடுத்தவள்.

ராசாங்கம் கடப்பாரையைக் கீழே போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார். “ஒவ்வொருத்தரா வாங்க, எல்லாரையும் காட்டுறேன்” என்று முன்னால் நடந்தார்.