வினோதன் அண்ணையை வெளியே எடுக்கும் முறை

வினோதன் அண்ணையை மைதானத்திலிருந்து வெளியே எடுக்க முடியாது என்பதுதான் எங்கள் அணியின் ஒரே நிலையான உத்தி. மற்றவை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் உள்ளரங்க உதைபந்தாட்ட லீக்கில் ஆடுகிறோம். பழைய ஐஸ் ஹொக்கி அரங்கு அது. ஐஸை எடுத்துவிட்டுப் பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். சுற்றிவரப் பலகைச் சுவர் அப்படியே நிற்பதால் பந்து வெளியே போகாது, பட்டுத் திரும்பி வரும். கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். களைத்தவன் சின்னக் கதவால் வெளியே வர, வெளியே வாங்குப் பலகையில் இருப்பவன் உள்ளே போவான். ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை, எத்தனை தரமும் மாறலாம். விளையாட்டின் முழுச் சூட்சுமமும் இவ்வளவுதான்: மூச்சு இருப்பவனை உள்ளே விடு, மூச்சு வாங்குகிறவனை வெளியே எடு.

எங்களில் மூச்சு வாங்குகிறவர் வினோதன் அண்ணை. வயது நாற்பத்தாறு. அவர்தான் கப்டன். அணியைத் தொடங்கியவர் அவர். ஜேர்சி எடுத்துத் தந்தவர் அவர். மல்வேர்னிலிருந்து எங்களை ஏற்றி இறக்கும் வான் அவருடையது. ஆட்டம் முடிய நாங்கள் தின்னும் மட்டன் ரோல்ஸ் அவர் மனைவி பேபி அக்கா பொரித்துக் கொடுத்துவிடுவது. இப்படிப்பட்ட மனிதரிடம் போய், "அண்ணை, வெளியில வாங்கோ" என்று எவன் சொல்வான்? களைத்தால் அவர் இடுப்பில் கையை வைத்துச் சுற்றிப் பார்ப்பார். பிறகு, இருப்பதற்குள் நன்றாக ஓடுகிறவனைக் கூப்பிட்டு, "நீ நல்லாக் களைச்சுப்போனாய் தம்பி, கொஞ்சம் இரு" என்பார். அவனும் போய் இருப்பான்.

நான் மிதுசன், கொலிஜ் இரண்டாம் வருடம். இதற்கு முன் இரண்டு அணிகள் என்னை ஆடவிட்டுப் பார்த்தன. பிறகு என் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திக்கொண்டன. வினோதன் அண்ணை மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு ஜேர்சியைத் தூக்கிப் போட்டார். அதில் இலக்கம் இல்லை. ஆனாலும் ஜேர்சி.

கடைசி ஆட்டத்துக்கு முன் நாங்கள் அடியிலிருந்து இரண்டாவது. சமன் செய்தால் தப்புவோம். தோற்றால் எங்கள் இடம், வெளியே காத்திருக்கும் இன்னொரு அணிக்குப் போகும். அணி போனால் ரொறன்ரோவில் எனக்கு விளையாட வேறு இடம் கிடையாது. அதனால் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் யோசனையை வானுக்குள் வைத்துச் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் கோச்சா இருந்தா எப்பிடி? வெளியில நிண்டு பாத்தா முழு கேமும் தெரியும்."

வினோதன் அண்ணை வானை ஓட்டிக்கொண்டே, பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"கோச் எண்டுறது விளையாடேலாதவன் செய்யிற வேலை."

வானில் இருந்த எல்லாரும் ஜன்னலால் வெளியே பார்த்தார்கள். மோர்னிங்சைட் வீதியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டாவது யோசனைக்குச் சான்று தேவைப்பட்டது. எங்கள் ஆட்டங்களின் வீடியோவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அவர் மனம் நோகாதபடி, அவர் திரையில் இல்லாத இடங்களாகப் பார்த்து நிறுத்தினேன். அது கஷ்டமாக இருக்கவில்லை. எங்களுக்குக் கோல் விழும் இடத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

"ஹொக்கிக்காரர் செய்யிற மாதிரிச் செய்வம். ரெண்டு வரிசை. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா முழு வரிசையும் மாறும். ஒருத்தரையும் தனியக் கூப்பிடத் தேவையில்லை."

"உது நல்ல ஐடியாடா!" என்றார் வினோதன் அண்ணை. எனக்கே வியப்பாக இருந்தது. அன்றிரவே அவர் இரண்டு வரிசைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் வரிசையில் வினோதன் அண்ணை இருந்தார். இரண்டாவது வரிசையிலும் வினோதன் அண்ணை இருந்தார். இரண்டாவதில் அவர் எடுத்துக்கொண்ட இடம் என்னுடையது.

கடைசி ஆட்டம் மில்லிக்கன் பொடியன்களோடு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் காலுறை. வேலை வெட்டி இல்லாதவர்கள்போல ஓடினார்கள். எங்கள் கீப்பர் அமிர்தநாதர் அண்ணை, முட்டியில் பட்டி கட்டியபடி, கர்த்தரையும் எங்கள் பின்வரிசையையும் மாறி மாறிக் கூப்பிட்டார். பதில் சொன்னவர் கர்த்தர் மட்டுமே. முடிய ஐந்து நிமிடம் இருக்க, எப்படியோ மூன்றுக்கு மூன்று.

நான் வாங்கில் இருந்தேன். என் முழங்கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாத," என்றான் பக்கத்தில் இருந்த பிரசாந். "வாங்கு முழுக்க ஆடுது."

"அவரைப் பார். அவையின்ர கோலடியில நிக்கிறார். இறங்கி வரவே மாட்டார்."

"நீ போய்ச் சொல்லு."

"நீ சொல்லன்."

"எனக்குக் கார் ஓடப் பழக்கினது அந்தாள்."

வரிசை மாறியது. பிரசாந் உள்ளே போனான். வினோதன் அண்ணை இடுப்பில் கையோடு அங்கேயே நின்றார். பந்து அவரைத் தாண்டிப் போனது. அவர் அதைப் பார்த்து, "றண், றண்!" என்று எங்களுக்குக் கத்தினார். பின்னால் மூன்று பேர் ஐந்து பேரை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டது. எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

லீக்கின் விதிகளை எங்கள் அணியில் முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான். வாங்கில் இருப்பவனுக்கு வாசிக்க நேரம் கிடைக்கும். வாங்கிலிருந்து யாராவது கணக்குக்கு மேலாக உள்ளே போனால், அந்தத் தண்டனை கப்டனுக்கு. கண்ணாடி போட்ட பெட்டிக்குள் இரண்டு நிமிடம். அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்.

ஓர் ஆள் குறைவாக. ஆனால் அந்த ஆள் யார் என்பதுதான் விசயம்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். நடுவில் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். நடுவரின் கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே.

விசில் கேட்டது. நடுவர் ஜெசிகா எங்கள் தமிழாட்களின் பிள்ளைதான். இங்கே பிறந்தவள். எங்களை எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள், பிறகு வினோதன் அண்ணையிடம் போனாள்.

"டூ மினிற்ஸ். கப்டன் பெட்டிக்குள்ள இருக்கோணும், அங்கிள்."

எங்கள் வினோதன் அண்ணையை அதுவரை மைதானத்தில் எவரும் அங்கிள் என்றதில்லை. அவர் தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அங்கிளோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போய் இருந்தார். இன்னும் ஓர் ஆள் கூடுதலாக நின்றோம். பிரசாந் தொடை பிடித்துவிட்டதென்று தானாகவே நொண்டிக்கொண்டு வெளியேறினான். நான் உள்ளேயே நின்றுகொண்டேன்.

"சதுரம்!" என்று கத்தினேன். "நாலு பேரும் சதுரமா நில்லுங்கோ! ஒராள் அசைஞ்சா மற்றாக்களும் அசையோணும்!"

நின்றார்கள். அந்தப் பருவத்தில் முதல்முறையாக எங்கள் கோலுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். மில்லிக்கன் பொடியன்கள் பந்தை இப்படியும் அப்படியும் தட்டினார்கள். வழி கிடைக்கவில்லை. என் சதுரம் வேலை செய்தது. மூன்று மூலைகளில்.

நான்காவது மூலை நான். அவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். பந்தை என் பக்கத்துச் சுவரில் அடித்து, என்னைச் சுற்றி ஓடிப்போய் எடுத்தார்கள். நான் திரும்புவதற்குள் அமிர்தநாதர் அண்ணை அதை நெஞ்சில் வாங்கினார். அடுத்ததும் அதே சுவர், அதே நெஞ்சு.

"கர்த்தரே, உந்தப் பொடியனைத் திருப்பிவிடும்!" என்று அவர் கத்தினார்.

பெட்டிக்குள் வினோதன் அண்ணை எழுந்து நின்றார். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி ஆட்டத்தை உற்றுப் பார்த்தார். இந்த அரங்கில் அவர் ஆட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருடைய முகத்தில் ஏதோ விளங்கிக்கொண்டு வந்தது. சரிதான், கண்டுபிடித்துவிட்டார், இனி இறங்கி வந்து பின்னால் ஓடுவார் என்று நினைத்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டு நிமிடம் முடிந்தது. பெட்டியின் கதவு திறந்தது.

"மிதுசன்!" அரங்கு முழுக்கக் கேட்டது. "வெளியில வா!"

கெஞ்சலும் இல்லை, சுற்றிவளைப்பும் இல்லை. மூத்தவர் இளையவனிடம் சொல்ல அதெல்லாம் தேவையில்லை. இந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. ஓடி வெளியே வந்தேன். பிரசாந் திரும்ப உள்ளே போனான். வினோதன் அண்ணை நேராக என் மூலைக்குப் போய் நின்றார். அவர் ஓடவில்லை. சுவரிலிருந்து பந்து திரும்பி வரும் இடத்தில் வயிற்றை வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பந்து வயிற்றில் பட்டது. இன்னொருமுறை பட்டது. பிறகு ஜெசிகா நீளமாக ஊதினாள்.

மூன்றுக்கு மூன்று. தப்பிவிட்டோம்.

வானுக்குள் ரோல்ஸ் பெட்டி கைமாறிக்கொண்டிருந்தது. மிளகு தூக்கலாக இருந்தது. அமிர்தநாதர் அண்ணை நெஞ்சைத் தடவிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சிரித்தார். வினோதன் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைத் தேடினார்.

"தம்பி, வேணுமெண்டுதானே உள்ள வந்தனீ?"

ரோல்ஸ் பெட்டி பாதி வழியில் நின்றது.

"ஓம் அண்ணை."

"நல்ல மூளை. நீ சொன்னது சரி. வெளியில நிண்டு பாத்தா முழு கேமும் தெரியுது." சிக்னல் போட்டு வானைத் திருப்பினார். "அடுத்த சீசன் நீதான் கோச்."

எல்லாரும் ஜன்னலால் வெளியே பார்த்தார்கள்.

"கோச் எண்டுறது விளையாடேலாதவன் செய்யிற வேலை எண்டு சொன்னனீங்கள், அண்ணை."

"ஓம்," என்றார். பிறகு, "இன்னொரு ரோல் எடு."

எடுத்தேன். பிரசாந் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினான்.

"ஆட்டாத மச்சான். வான் முழுக்க ஆடுது."