கீல்காரர் போடாத ஓட்டு

1

நக்கலடிக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன், மறைப்பானேன். கதவுக்கீல் செய்யும் முதலாளி ஒருவர் நான்கு முறை பட்டறையை விட்டு அரசியலுக்குப் போய், நான்கு முறையும் பட்டறைக்கே திரும்பி வந்தார் என்றால், என்னைப் போன்ற பத்தி எழுத்தாளனுக்கு விருந்துதானே? எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்கிற மனிதர் என்று...

(அடித்துவிட்டேன். எல்லாரும் சொன்னதுதான். நானே மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.)

மேடையில் எந்தப் பேச்சையும் 'இருந்தாலும்' என்ற சொல்லில்தான் திருப்புவார். ஊர் அவருக்கு வைத்த பெயரும் அதுவே.

2

முதல் தொடக்கம்: "மக்கள் தொண்டையே மூச்சாகக் கொண்ட..." வேண்டாம். அவருடைய அறுபதாம் பிறந்தநாள் மலருக்கு நானே எழுதிக்கொடுத்தது.

இரண்டாவது: தேர்தலில் நிற்கும்போதெல்லாம் பட்டறைச் சாவியை மனைவியிடம் கொடுப்பார். தோற்று வந்ததும் அந்த அம்மா திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை கிடையாது. சாவியோடு ஒரு டம்ளர் டீ.

(இது பரவாயில்லை. இந்த வழியாகவே போவோம்.)

3

கடைசி முறை ஜெயித்துச் சட்டசபைக்கே போனார்; தோற்று வரவில்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்டு வந்தார்.

பட்டறைக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பை இடித்துச் சாலை போட ஒரு சட்டம். கொண்டுவந்தது அவர் கட்சி. குடியிருப்பதோ அவருடைய தொழிலாளிகள். மூன்று மாதம் இரண்டு தரப்போடும் பேசினார். கடைசியில் இரண்டு தரப்பும் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டன.

வாக்கெடுப்பு மணி அடித்தது. மணி நின்றதும் சபைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். எல்லாரும் உள்ளே. இவர் மட்டும் வெளியே முட்டி போட்டு உட்கார்ந்து, எப்போதும் பையில் வைத்திருக்கும் திருப்புளியால் பக்கத்துக் கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். "கிறீச்னு கத்துதுப்பா, காது கூசுது" என்றாராம் காவலரிடம்.

இரண்டு பக்கமும் சம ஓட்டு. சமமானால் சட்டம் விழும் என்பது அந்தச் சபையின் விதி. விழுந்தது.

துரோகி என்றது கட்சி. எதிர்த்து ஓட்டுப் போடத் துணியாத கோழை என்றது குடியிருப்பு. 'குனிந்த தலைவர்' என்று நான் ஒரு பத்தி எழுதினேன்.

(எல்லாரும் பாராட்டினார்கள். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

4

மறுநாள் காலை பட்டறைக்கு வந்தார். அவர் நாற்காலியில் மனைவி. இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டீ வரலியே?"

"டீ வரும். சாவிதான் வராது."

"ஏன்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கதவு நெஜமாவே கத்திச்சா?"

"ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பாத்தா..."

"ஏங்க, நான் உங்க கட்சிக்காரி இல்ல, பொண்டாட்டி. வேணும்னே வெளிய நின்னீங்கன்னா சொல்லுங்க, சாவி உங்களுது. நெஜமாவே கீல்ல மூழ்கிட்டீங்களா, அதுவும் எனக்குப் புதுசில்ல, எடுத்துக்கோங்க. ரெண்டும் இல்லாம, முடிவெடுக்கப் பயந்து கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தீங்கன்னா..."

"இருந்தா?"

"அந்த ஸ்டூல்லயே இருங்க. எண்ணெய் போடற வேலை இருக்கு. பொய் மட்டும் வேண்டாம்."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு மசகு.

5

முடிவு ஒன்று: "வேணும்னேதான்" என்கிறார். அந்த அம்மா கண்கலங்குகிறார்.

(அவர் கலங்குகிற ஆளில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: "பயந்துட்டேன்" என்கிறார். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு...

(இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை வரவில்லை.)

6

பொறுக்காமல் நேற்று சபைக்கே போய்விட்டேன்.

"அதே கதவுதான் சார். அப்புறம் யாரும் கை வைக்கல" என்றார் காவலர்.

"அன்னைக்குக் கத்திச்சா?"

"எனக்குக் காது மந்தம் சார். அதனாலதான் மணியடிக்கிற வேலையே குடுத்தாங்க."

திறந்தேன். மூடினேன். சத்தமே இல்லை. அவர் கச்சிதமாகச் சரிசெய்திருக்கலாம். அது என்றுமே கத்தாத கதவாகவும் இருந்திருக்கலாம்.

கதைக்குத் திரும்பினால், பட்டறையில் டீ வந்துவிட்டது, இரண்டு டம்ளர். பதில் காதில் விழட்டும் என்று அந்த அம்மா இயந்திரங்களை நிறுத்தச் சொல்கிறார். சாவி மேசை நடுவில் கிடக்கிறது. அவர் வாயைத் திறக்கிறார்.

நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே பத்தி எழுத்தாளனுக்கு என்ன வேலை? நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள். வரும்போது கதவை மட்டும் சாத்திவிட்டு வாருங்கள். பயப்படாதீர்கள், அது அவர் செய்த கீல். சத்தம் போடாது.