கயிற்றோடு கொடுத்த பெயர்

நாகராசு நிலம் வாங்கியிருந்தால் செவந்திக்குப் புரிந்திருக்கும். நகை வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அந்த மனுஷன் சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிச் சம்பாதித்த காசில் பெயர்களை வாங்கி வைத்திருந்தார். ஆமாம், வெறும் பெயர். இணையத்தில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு முகவரி வேண்டுமாம். ஒருத்தர் பதிந்து வருஷா வருஷம் கட்டணம் கட்டிவந்தால் அதே முகவரியை உலகத்தில் வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாதாம். என்றைக்காவது தேவைப்படுகிறவன் தேடி வந்து நல்ல விலை கொடுப்பானாம். அறையில் கூடத் தங்கியிருந்த ஒருவன் சொல்லிக்கொடுத்த வியாபாரம் அது.

"வாங்குனதுல ஒரு சென்ட் நெலம் கெடையாது, பட்டா கெடையாது. வருசா வருசம் வரி மட்டும் கட்டுறாரு எங்க வீட்டு ஜமீன்தாரு" என்று கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சொல்வாள் செவந்தி. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நாகராசுவும் சேர்ந்து சிரிப்பார். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனால் அந்த மாசியில் அவள் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தாள். வானம் பார்த்த பூமியில் இருந்த கொஞ்ச முந்திரியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? உடைக்காமல் பச்சைக் கொட்டையாக வியாபாரியிடம் போட்டால் அவன் சொன்னதுதான் விலை. வேறு வழி தெரியாமல் நாகராசு மறுபடியும் பாஸ்போர்ட்டை அறந்தாங்கி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். விசா தயார், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

முதல் தடவை இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஆறு வருஷம் கழித்துத்தான் திரும்பினார். அங்கே கம்பெனிக்காரன் விடவில்லை. திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கியவரைப் பார்த்து, பெற்ற மகள் அன்புமொழி "அங்கிள்" என்று கூப்பிட்டாள். நாகராசு சிரித்துக்கொண்டேதான் குழந்தையைத் தூக்கினார். ஆனால் அந்தச் சிரிப்பைச் செவந்தி இன்னும் மறக்கவில்லை. இன்னொரு தடவை அவரை அனுப்பிவிட்டு இருக்க அவளால் முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் சொன்னால் மாற்றுவழி கேட்பார்.

மாற்றுவழி போனில் வந்தது. சென்னையில் பெயர் விற்றுக்கொடுக்கும் தரகு நிறுவனத்திலிருந்து திருமுருகன் என்று ஒருவர் பேசினார். கோயம்புத்தூரில் முந்திரிப் பலகாரம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு நாகராசுவின் 'முந்திரிவீடு டாட் காம்' வேண்டும். அதே பெயரில் அவர் நடத்திவந்த முகநூல் பக்கமும் சேர்த்து. அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும் நாகராசு போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். கொட்டை உடைக்கிற மெஷின் வாங்கி, மேலே தகரக் கொட்டகையும் போட்டுவிடலாம். அப்புறம் பச்சைக் கொட்டையை எவனிடமும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. வெளிநாடும் வேண்டாம்.

"நேரா நம்ம கணக்குல போட்டுருவாங்களா?" என்று கேட்டாள் செவந்தி.

"இல்ல. நடுவுல எஸ்க்ரோன்னு ஒரு கம்பெனி. அவங்க காச அதுல கட்டிருவாங்க. நாம பேர மாத்திக் குடுக்கணும். எல்லாம் சரியா வந்துருச்சுன்னு அவங்க பாத்துச் சொன்னப்பறம் காசு நமக்கு வரும்."

"அட, கறவ மாட்ட ரெண்டு வேள கறந்து பாத்துட்டுக் காசு குடுக்குற மாதிரிதான?"

"அதேதான்."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மாட்டு வியாபாரம் என்று மனசில் பதிந்துவிட்ட பிறகு செவந்தி அதன் முறைகள் ஒவ்வொன்றையும் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவான். பழைய கயிறு கொட்டிலிலேயே கிடக்கும். கயிறும் போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. நாகராசுவின் முதல் பயணச் செலவுக்கு மாட்டை விற்றபோது, அவசரத்தில் கயிற்றோடு பிடித்துக் கொடுத்தது செவந்திதான். ஆறு வருஷக் கணக்கையும் அவள் அந்தக் கயிற்றின் தலையில்தான் எழுதியிருந்தாள்.

புதன்கிழமை காலையில் நாகராசு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பெயருக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்து, ரகசிய எண்ணை அனுப்பி, பெயரைக் கோயம்புத்தூர் கணக்குக்கு மாற்றினார். முகநூல் பக்கத்துக்கும் அவர்களை நிர்வாகியாகச் சேர்த்தார். "இனி நான் இந்தப் பக்கத்துலேருந்து வெளியேறணும், அவ்வளவுதான்" என்றார்.

"வெளியேறாதீங்க."

"ஏன் புள்ள?"

"அவங்க வந்துட்டாங்கல்ல, வச்சு நடத்தட்டும். நீங்க ஒரு ஓரமா இருங்க. அதுதான் நம்ம கயிறு. முழுசாக் குடுக்காதீங்க. சொன்னாக் கேளுங்க."

நாகராசுவுக்கு அது சரியில்லை என்று தெரியும். அவள் முகத்தைப் பார்த்தார், லேப்டாப்பை மூடிவிட்டார். பெண்டாட்டியிடம் இந்த மனுஷன் எப்போது எதிர்த்துப் பேசியிருக்கிறார்!

வியாழக்கிழமை மதியம் திருமுருகன் பேசினார். குரலில் மரியாதை இருந்தது, சூடும் இருந்தது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? முகநூல் பக்கத்துல நீங்க இன்னும் நிர்வாகியா இருக்கீங்க. ஒப்பந்தத்துல முழுசா ஒப்படைக்கணும்னு இருக்கு. கம்பெனி மேடம் மோசடின்னு நெனைக்கிறாங்க. எஸ்க்ரோவுல பணத்தை நிறுத்தி வச்சாச்சு, திருப்பிக் கேக்கறாங்க. அவங்களும் லைன்லதான் இருக்காங்க, பேசுங்க."

நாகராசு ஸ்பீக்கரில் போட்டிருந்தார். செவந்தியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மறந்துட்டேங்க. வயசாச்சு, கவனிக்கல" என்றார்.

"மறக்கற வேலையாங்க இது?" என்றது ஒரு பெண் குரல். கம்பெனி முதலாளி ராஜலட்சுமி. "எங்க பேர்ல நாளைக்கு நீங்க என்ன வேணும்னாலும் போடலாம். உங்கள நம்பி எப்படீங்க காசு விடறது?"

"தப்புதாங்க. எம்மேலதான் தப்பு."

செவந்திக்குச் சுரீர் என்றது. சம்பாதித்ததையெல்லாம் அனுப்பிவிட்டுக் குழந்தையின் முகம் தெரியாமல் கிடந்த மனுஷன், இப்போது அவளுக்காகத் திருட்டுப்பட்டத்தையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார். அவரைப் பிடித்துவைப்பதாக நினைத்து அவளேதான் விமானம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, அவரு மறக்கல. நான்தான் வேணாம்னு தடுத்தேன். நான் அவரு வீட்டுக்காரி. எங்க ஊருல மாட்ட வித்தாக் கயித்தக் குடுக்க மாட்டோம். முன்ன ஒருக்கா கயித்தோட குடுத்துட்டு இவர ஆறு வருசம் பறிகொடுத்துட்டு நின்னேன். அந்தப் பயத்துல சொல்லிட்டேன். அவரு திருடுற ஆளு இல்லம்மா. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

அந்தப் பக்கம் திருமுருகன் தொண்டையைச் செருமினார்.

"எங்க பட்டியிலயும் கயிறு குடுக்க மாட்டோமுங்க" என்றாள் ராஜலட்சுமி மெதுவாக. "ஆனா மாட்டுக்கு நான் புதுக்கயிறு வாங்கிக் கட்டிக்குவேன். இதுக்கு இருக்கறது ஒரே கயிறு. அத நீங்க வச்சுக்கிட்டா நான் எதுக்குங்க காசு குடுக்கோணும்?"

கேட்டது ஞாயம் என்று செவந்திக்கே தெரிந்தது.

"எங்கிட்டு அமுக்கணும்?" என்று நாகராசுவிடம் கேட்டாள். அவர் பக்கத்தைத் திறந்து காட்டினார். பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது, நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. இருந்தும் அமுக்கினாள். முந்திரிவீடு அவர்கள் கையைவிட்டு முழுசாகப் போனது.

"குடுத்துட்டேம்மா."

"வந்துருச்சுங்க, பாத்துட்டேன்" என்றாள் ராஜலட்சுமி. பிறகு, போனை வைக்கப் போனவள் ஞாபகம் வந்தமாதிரி, "இந்தக் காச என்ன பண்றதா இருக்கீங்க?" என்று கேட்டாள். செவந்தி மெஷினைப் பற்றிச் சொன்னாள். "பருப்பு உடைச்சதும் எனக்குச் சாம்பிள் அனுப்புங்க. நல்லா இல்லைன்னா முகத்துக்கு நேராச் சொல்லிப்போடுவேன்" என்றாள் ராஜலட்சுமி.

"சொல்லுங்க. நல்லாத்தான் இருக்கும்" என்றாள் செவந்தி. பழைய திமிர் குரலுக்குத் திரும்பியிருந்தது. நாகராசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பணம் வந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. நாகராசு அதைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார், அவளும் படித்தாள். இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குக் கிளம்பினார்கள்.

ஏஜெண்டுக்கு நம்ப முடியவில்லை. "நல்ல கம்பெனிண்ணே. ஆளு வரிசையில நிக்கிறான். வேணாம்னு சொல்றீங்களே?"

"வேணாம்ப்பா" என்றார் நாகராசு. சொன்ன பிறகுதான் அவருக்கே கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று, ஏஜெண்ட் திருப்பிக் கொடுத்த பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். "இத என்ன செய்ய? நீயே உள்ள வச்சுப் பூட்டிரு."

செவந்தி அதை வாங்கிப் புரட்டினாள். மீசை நரைக்காத நாகராசு அதில் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்குப் பூட்டணும்? நீங்களே வச்சுக்கங்க. மெஷின் ஓட ஆரம்பிச்சதும் எனக்கும் புள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு எடுங்க."

"ஒனக்கு எதுக்கு?"

"ஆறு வருசம் நீங்க கெடந்த எடத்த நாங்க பாக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.