ஓடு என்றால் ஓடு

கூரையை மாற்றச் சொல்லி என் மனைவி கேட்க ஆரம்பித்தபோது என் தலைமுடி கறுப்பாக இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குள் வீட்டில் ஆட்களைவிட வாளிகள் பெருகிவிட்டன. இந்த மழைக்கு முன்னால் மாற்றாமல் அவள் விடுவதாக இல்லை. கூரை வேலை செய்யும் தன் அண்ணனையே அழைத்து வந்தாள்.

அவர் சுவரில் சாய்த்த ஏணியில் ஏறித் தாழ்வாரத்து மரத்தை அழுத்திப் பார்த்தார்.

"மாப்பிள்ளே, ஓடு உடைஞ்சா ஓட்டை மாத்தலாம். மரமே உளுத்துட்டா கூரையைத்தான் மாத்தணும். விரல் உள்ள போகுது பாருங்க."

"உங்க விரல் கடப்பாரை, மச்சான். எதுலதான் போகாது?"

மரம் மடமடவென்று முறிந்தது.

"ஓடு, ஓடு!" என்று கத்தினார்.

"ஓட்டுக்கு என்ன குறைச்சல்? நூறு வருஷம் தாங்கும்" என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நின்ற இடத்தில் யானைக் கூட்டம் குதித்ததுபோல் பாதிக் கூரை இறங்கியது.

தூசி அடங்கியதும் மச்சான் ஏணியிலிருந்தே சொன்னார்: "பாதி பிரிக்கிற வேலை மிச்சமாச்சு. நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"ஆரம்பிங்க" என்றேன்.

முகமெல்லாம் செம்மண்ணாக நின்ற மனைவி கல்யாணப் பெண்போலச் சிரித்தாள்.

"புது ஓட்டுக்கு நிறம் நான்தான் பார்ப்பேன்" என்றாள்.