குழந்தைவேலின் தூக்க மார்க்

குழந்தைவேல் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நாமக்கல் பரமத்தி ரோட்டில் டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது ஆபீஸ். நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, லாரில மாட்டற கேமராப் பொட்டி பண்றது இங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"பண்ணுனது ஆருங்க?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. நான்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருடைய இடது கண் இமை பாதிக்கு இறங்கி இருந்ததை அதற்குள் பார்த்துவிட்டேன்.

என் பெயர் தனப்பிரியா. பெங்களூரில் ஆறு வருசம் வேலை பார்த்துவிட்டு, கல்லூரியில் எனக்கு சீனியரான கௌசிக் அண்ணா கூப்பிட்டார் என்று நாமக்கல்லுக்கு வந்தேன். "லாரிக்காரங்க ஊர்ல இருந்துக்கிட்டு லாரிக்காரங்களுக்கு ஒண்ணும் பண்ணலைன்னா எப்படி?" என்றார். அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கேமரா. டிரைவர் கண் மூடினால் பீப் என்று கத்தும். மொத்தம் அவ்வளவுதான். இதனால் ஒரு உயிர் பிழைத்தாலும் போதும் என்று நானும் நம்பித்தான் ராப்பகலாகக் கோட் எழுதினேன்.

மனிதக் கண் எப்படி மூடும் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர முகப்படங்கள் வேண்டும். எங்களிடம் இருந்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வெளிநாட்டு முகங்களும், ஆபீசில் இருந்த ஒன்பது பேரின் முகங்களும். சாயங்கால வெயிலில் கண்ணைச் சுருக்கும் டிரைவர் முகம் ஒன்றுகூட இல்லை. நாலு லாரியில் போய்ப் படம் எடுத்து வருகிறேன் என்றேன். "லான்ச்சுக்கு அப்புறம்" என்றார் கௌசிக் அண்ணா, பெட்டி விற்பனைக்கு வந்த பிறகு என்று அர்த்தம். இமை இறங்கியவர்களைத் தூங்குவதாகக் காட்டுகிறது என்று குறைகள் பட்டியலில் எழுதி வைத்தேன். "எத்தன பேருக்கு அப்படி இருக்கும் தனா? லான்ச்சுக்கு அப்புறம்" என்றார். லான்ச் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பீப் சத்தம் தாங்காமல் டிரைவர்கள் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூட ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்தில் பத்து தடவைக்கு மேல் கத்தினால், அப்புறம் கால் மணி நேரம் சத்தம் வராமல் செய்யச் சொன்னார் கௌசிக் அண்ணா. படம் மட்டும் பதிவாகும். வேண்டாம் என்று சொன்னேன், பிறகு செய்து கொடுத்தேன். அதற்கடுத்து வந்ததுதான் தூக்க மார்க். ஒவ்வொரு டிரைவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மாதாமாதம் ஓனர் போனுக்குப் போகும். மார்க் குறையக் குறைய, தூங்குகிறவர் என்று அர்த்தம். "இது டிரைவரை எழுப்பறதுக்கு அண்ணா, போட்டுக் குடுக்கறதுக்கு இல்ல" என்று மீட்டிங்கில் சொன்னேன். "பணம் போடற இன்வெஸ்டருங்க ஸ்கிரீன்ல என்னத்தப் பாப்பாங்க, பீப் சத்தத்தையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கான கோட் எழுதியதும் நான்தான். மூன்று நாள் வேலை.

குழந்தைவேலின் மார்க் முப்பத்தொன்று.

"இருவத்திரண்டு வருசமா தங்கசாமி கவுண்டர் வண்டிதானுங்க ஓட்டறேன். நாக்பூர் லைன், ஜவ்வரிசி லோடு. ஒரு ஆக்சிடெண்டு கெடையாது. போன வாரம் கூப்புட்டு, மெசின் இப்பிடிச் சொல்லுது, சாவியக் குடுத்துருன்னு சொல்லிப்போட்டாருங்க. இந்தக் கண்ணு சின்னதுல மாடு முட்டுனதுங்க. பாதிதான் தொறக்கும். நான் தூங்கலைன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்கு அது போதும்."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். சேந்தமங்கலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கௌசிக் அண்ணா வந்ததும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"லெட்டர் குடுத்தா நம்ம ப்ராடக்ட் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி தனா. திங்கக்கெழமை இன்வெஸ்டருங்க வாராங்க."

"தப்புத்தானே அண்ணா. எட்டு மாசத்துக்கு மேலா பட்டியல்ல இருக்குது."

"வேலைய விட்டு நிறுத்துனது நாம இல்ல, அவரு ஓனரு. நாம நம்பர் மட்டுந்தான் குடுக்கறோம்."

"அந்த நம்பரே தப்புன்னா?"

"நாமெல்லாம் ஒரு குடும்பம் மாதிரி தனா. குடும்பத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா?"

எழுந்து என் மேசைக்குப் போனேன். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தபோது என் கோட் யாருக்குப் போகிறது என்றே தெரியாது. அது பிடிக்காமல்தான் இங்கே வந்தேன். இங்கே தெரிந்தது. படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றவருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைவேலின் பதிவுகளை எடுத்தேன். அந்த மாதம் இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடிப் படம். ஒன்று விடாமல் பார்த்தேன். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு ஓட்டுகிறார். கிளீனரோடு பேசுகிறார். வெற்றிலை மெல்லுகிறார். டோல்கேட்டில் சில்லறை எண்ணுகிறார். இடது இமை இறங்கியே இருக்கிறது, வலது கண் ரோட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் "விழிப்பு" என்று எழுதிக்கொண்டே போனேன்.

நூற்றெழுபதாவதில் நிறுத்தினேன். கர்நூல் தாண்டி, விடியற்காலை. இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. தலை மெல்ல முன்னால் சரிகிறது. மூன்று வினாடி. வண்டி ரோட்டோரக் கல்லில் ஏறிக் குலுங்க, திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். பீப் வந்ததா என்று பார்த்தேன். வரவில்லை. அதற்கு ஏழு நிமிடம் முன்னால் பதினோராவது தடவையாக வீணாகக் கத்தி, நான் எழுதிய விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது.

மீதி நாற்பத்து நான்கையும் பார்த்தேன், எல்லாமே விழிப்பு. விழித்திருந்தபோது இருநூற்றுப் பதின்மூன்று தடவை தூக்கம் என்று குறித்த பெட்டி, தூங்கின ஒரே தடவை சும்மா இருந்திருக்கிறது. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவருக்குப் போன் செய்தேன். இருநூற்றுப் பதின்மூன்று எங்கள் பிழை என்றேன், கர்நூல் விசயத்தையும் சொன்னேன்.

"ஐயா, அன்னைக்கு என்னங்க ஆச்சு?"

"அன்னைக்கு லோடு எறக்க ஆளில்லாம ரெண்டு நாளு முழிச்சிருந்தனுங்க. ஓனரு ஒடனே கெளம்புன்னாரு." பிறகு கேட்டார்: "அதையும் எழுதோணுமுங்களா?"

அந்த ஒன்றை விட்டுவிட்டால் என்ன என்று நானும் ஒரு மணி நேரமாக யோசித்திருந்தேன். விட்டுவிட்டு, அப்புறம் நாக்பூர் ரோட்டில் ஏதாவது ஆனால்?

"எழுதித்தானுங்க ஆகோணும்."

"அப்ப உங்களுக்கும் அந்தப் பொட்டிக்கும் வித்தியாசமில்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அது என்னைக் குத்தியது. இருந்தாலும் எழுதினேன். இருநூற்றுப் பதின்மூன்று எச்சரிக்கை எங்கள் பிழை. ஒன்று நிஜமான தூக்கம். அதற்கு எச்சரிக்கை தராததும் எங்கள் பிழை. கையெழுத்துப் போட்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை தங்கசாமியின் லாரி ஆபீசுக்குப் போனேன்.

பதினெட்டு வண்டிக்கு ஓனர். வெள்ளை வேட்டி சட்டை, மேசையில் மூன்று போன். "உக்காரு அம்மணி, ஆரு ஊட்டுப் புள்ள?" என்று கேட்டுவிட்டு டீ சொன்னார். கடிதத்தைப் படித்தார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருபதாவதிலேயே கையை அசைத்தார்.

"இவனுக்குப் பாதிக்கண்ணுன்னு எனக்குத் தெரியாதா சாமி? வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து பாக்கறேன்."

"அப்புறம் ஏனுங்க நிறுத்துனீங்க?"

"மெசின் முப்பத்தொண்ணுன்னு சொல்லுதே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மெசின் சொல்லியும் வெச்சிருந்தியான்னு கேப்பாங்கல்ல?"

கண்ணால் பார்த்த இருபத்திரண்டு வருசத்தை, நான் மூன்று நாளில் எழுதிய ஒரு எண் தள்ளிவிட்டிருந்தது. கர்நூல் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். தூங்காமல் கிளம்பச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். டீ டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"எல்லா வண்டிலயும் அந்தப் பொட்டியக் கழட்டிப்போடு. குழந்தைவேலுக்குப் போன் போடு. நாக்பூர் வேண்டாம். சேலம் லோக்கல் ஓட்டட்டும்."

திங்கட்கிழமை இன்வெஸ்டர்கள் வருவதற்கு முன்பே கௌசிக் அண்ணாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது. பதினெட்டு வண்டி போனதற்குக்கூட அவர் அவ்வளவு கோபப்படவில்லை. "என்கிட்டச் சொல்லாமப் போயிட்டியே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "சொன்னேன் அண்ணா, எட்டு மாசமா" என்றேன். மார்க்கை நிறுத்துங்கள், இருக்கிறேன் என்றும் சொன்னேன். முடியாது என்றார். லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். டயர் கடைக்காரர், "ஏனம்மணி, இன்னைக்கு நேரமே கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்று மட்டும் சொன்னேன்.

இன்வெஸ்டர்கள் ஒப்புக்கொண்டதாக ஆபீஸ் பையன் ஒருவன் சொன்னான். அடுத்து பள்ளிக்கூட பஸ்களுக்குப் போடப் போகிறார்களாம். பழக்கமான இரண்டு பள்ளிகளுக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் போடவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குழந்தைவேலுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். சேலம் அம்மாபேட்டையில் நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"எப்படிங்க இருக்கீங்க?"

"தெனமும் ஊட்டுக்கு வந்தர்றேனுங்க. பொண்டாட்டிக்குச் சந்தோசம். எனக்குத்தான் பொழுது போக மாட்டீங்குது. நாக்பூர் வரைக்கும் ஓட்டுனவன் அம்மாபேட்டைச் சந்துல ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கறேன்."

"என்ற தப்புதானுங்க அது. மன்னிச்சுக்கோங்க."

"உங்க தப்பு பாதிங்க அம்மணி" என்றார். மீதிப் பாதி யாருடையது என்று சொல்லவில்லை. பின்னால் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். "வாரேன், வாரேன்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.